மெயினி ஜெல்லெட் அம்மையார்

அயர்லாந்து, ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் வந்து மோதும் பசுமையான தீவாகும். அந்நாட்டார் சொல்வன்மை மிக்கவர் என்பதை உலகம் நன்கறியும். கவிஞர் யேட்ஸ், நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா, புதினத்தின் போக்கையே மாற்றிய ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆகிய மூவரும் அத்தீவின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தவர்களே. ஆனால், ஓவியக் கலையில் மட்டும் அந்நாட்டார் நெடுங்காலம் பழகிய தடத்திலேயே நடந்து வந்தனர். கண்ணாற் கண்டதைக் கண்டவாறு தீட்டுவதே ஓவியம் என்பது அவர்தம் கொள்கை. முகத்தை எழுதினால் இன்னார் முகம் என்று அறியும்படி இருத்தல் வேண்டும். மலையை எழுதினால் இன்ன மலை என்று சுட்டும்படி இருத்தல் வேண்டும்.

இந்நிலையில், 1923 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சியில் இருபத்தாறு வயது நிரம்பிய பெண்மணி ஒருவர் தம்முடைய படங்கள் இரண்டினை வைத்தார். அப்படங்களில் முகம் இல்லை, மலை இல்லை, மரமும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றனைச் சார்ந்து ஒன்றாகவும் அமைந்த வண்ணத் தளங்களே இருந்தன. கண்டோருட் சிலர் திகைத்தனர், சிலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். அவரோ திகைக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகள் அதே நகரில் தங்கி, நகைத்த மக்களுக்கே அவ்வோவியத்தைக் காணும் முறையைக் கற்பித்தார். அவர்தாம் மெயினி ஜெல்லெட் அம்மையார்.

மெயினி 1897 ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 ஆம் நாள், டப்ளின் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்தில் இருந்த இல்லம் ஒன்றில் பிறந்தார். மேரி ஹேரியட் என்பது பெற்றோர் இட்ட பெயர். மெயினி என்பது செல்லப்பெயர். பின்னாளில் அச்செல்லப்பெயரே கலையுலகில் நிலைத்துவிட்டது. பெண்மக்கள் நால்வருள் இவரே மூத்தவர். தந்தையார் வில்லியம் மார்கன் ஜெல்லெட் பெயர்பெற்ற வழக்கறிஞர். பின்னர் டப்ளின் பல்கலைக்கழகத் தொகுதியின் சார்பில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினராகவும் அமர்ந்தவர். பாட்டனார் டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தந்தையின் உடன்பிறந்தாராகிய ஈவா ஜெல்லெட் அம்மையார், பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த அக்காலத்தில் அக்கல்வியைப் பெற்று, நம் பாரத நாட்டின் ஹசாரிபாக் நகருக்கு வந்து மருத்துவத் தொண்டு புரிந்தவர். இவ்வாறு கல்வியும் துணிவும் பரம்பரைச் செல்வமாக வாய்த்த குடும்பம் அது.

அன்னையார் ஜேனட் இசையிற் சிறந்தவர். வீட்டில் பியானோவின் ஒலி ஓயாது கேட்கும். மெயினியும் இளமையிலிருந்தே பியானோ பயின்றார். மேடையில் வாசிக்கும் கலைஞர் ஆகத்தக்க அளவிற்குத் தேர்ச்சியும் பெற்றார். தங்கையருள் ஒருவர் வயலின் வல்லுநராகி, டப்ளின் நாடக அரங்கு ஒன்றின் இசைக்குழுவை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். இசை மனையில் வளர்ந்தமை மெயினியின் பிற்கால ஓவியத்திற்கு எத்துணைத் துணையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

பதினோராம் வயதில் இவருக்கு ஓவியப் பயிற்சி தொடங்கிற்று. முதலில் கற்பித்தவர்களுள் ஒருவர் கவிஞர் யேட்ஸின் உடன்பிறந்தாராகிய எலிசபெத் யேட்ஸ். பின்னர் டப்ளின் நகர ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வில்லியம் ஓர்ப்பென் என்னும் புகழ்வாய்ந்த ஓவியரின் முறை அங்குச் செல்வாக்குப் பெற்றிருந்தது. மனித உடலின் எலும்பும் தசையும் இவ்விவ்வாறு அமைந்துள்ளன என்பதை உணர்ந்து, கோடு பிறழாமல் வரைவது அம்முறையின் உயிர்நாடி. பின்னாளில் உருவமே இல்லாத படங்களை எழுதிய இவ்வம்மையார், உருவம் எழுதத் தெரியாமல் அவ்வழியிற் புகுந்தவர் அல்லர். இதனை நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், அவரை இகழ்ந்தோர் பலர் இதனை மறந்தனர்.

1917 ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவர் இலண்டன் மாநகர் சென்று வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் வால்டர் சிக்கர்ட் என்பவரிடம் மாணவியாக அமர்ந்தார். சிக்கர்ட், பிரெஞ்சு ஓவியப் பேரறிஞர்களோடு பழகியவர். அன்றாட வாழ்வில் காணும் எளிய பொருள்களையும் ஓவியப் பொருளாக்கலாம் என்பதனையும், தளர்ச்சியில்லாத தூரிகை வீச்சினையும் அவரிடம் மெயினி கற்றார். இசையா, ஓவியமா என்று இருவேறு வழிகளின் நடுவே நின்ற இவருடைய உள்ளம் ஓவியத்தின் பக்கம் உறுதியாகச் சாய்ந்ததும் அங்கேதான். ஈவி ஹோன் என்னும் ஆருயிர்த் தோழியாரை அடைந்ததும் அங்கேதான்.

ஈவி ஹோனைப் பற்றிச் சிறிது கூறாமல் மெயினியின் வரலாற்றை எழுத இயலாது. அவரும் டப்ளின் நகரத்தவர். மெயினிக்கு மூன்று ஆண்டு மூத்தவர். சிறுமியாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் காலும் கையும் நலிந்தவர். நடப்பது அவருக்குத் துன்பம். தூரிகையைப் பற்றுவதும் துன்பம். எனினும் கலையின்மேற் கொண்ட பற்று அத்துன்பங்களை வென்றது. மெயினி கலகலப்பும் சொல்லாற்றலும் உடையவர். ஈவியோ அடக்கமும் அமைதியும் உடையவர். இயல்பால் வேறுபட்ட இவ்விருவரும் வாணாள் முழுவதும் ஒருவர்க்கொருவர் உற்ற துணையாக நின்றனர்.

1920 ஆம் ஆண்டில் மெயினிக்கு டெய்லர் நிதியுதவிப் பரிசு கிடைத்தது. அயர்லாந்தில் ஓவியம் பயில்வோர் பெரிதும் விரும்பும் பரிசு அது. அதனைப் பெற்றவர் அந்நிலையிலேயே நின்று, செல்வர்களின் உருவப் படங்களைத் தீட்டி, பொருளும் புகழும் ஈட்டியிருக்கலாம். பலர் அவ்வாறே செய்தனர். ஆனால், இவருடைய வேட்கை தணியவில்லை. 1921 ஆம் ஆண்டில், முன்னரே அங்குச் சென்றிருந்த தோழியாரைத் தொடர்ந்து பாரிஸ் நகருக்குச் சென்றார்.

அந்நாளில் பாரிஸ் புத்தோவியத்தின் தாயகமாக விளங்கிற்று. பிக்காசோ, பிராக் முதலியோர் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கியூபிசம் எனப்படும் கனவடிவ ஓவிய முறையைத் தொடங்கியிருந்தனர். ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நோக்கி எழுதாமல், பல பக்கங்களிலிருந்தும் நோக்கியதை ஒருங்கே கூட்டி எழுதுவது அம்முறை. தோழியர் இருவரும் முதலில் ஆந்திரே லோத் என்பவரிடம் பயின்றனர். லோத் புதுமைக்கும் பழமைக்கும் பாலம் இட்டவர். பண்டைப் பேரோவியர்களின் படங்களைக் கூறுபடுத்தி, அவற்றின் உள்ளே மறைந்து கிடக்கும் வடிவ அமைப்பை மாணவர்க்குக் காட்டுவார். ஆயினும் மனித உருவத்தை முற்றும் கைவிட இசையார். மெயினிக்கு இது போதவில்லை. பாதி வழி வந்தபின் நிற்பானேன், இறுதிவரை சென்று பார்ப்போம் என்பது அவர் எண்ணம்.

ஆகவே, அவ்வாண்டின் இறுதியில் இருவரும் அல்பேர் கிளேஸ் என்பவரின் இல்லத்திற்குச் சென்றனர். கிளேஸ், மெட்சிங்கர் என்பவரோடு சேர்ந்து 1912 ஆம் ஆண்டிலேயே கியூபிசம் பற்றி நூல் எழுதி வெளியிட்ட அறிஞர். உருவத்தின் பிடியிலிருந்து ஓவியத்தை முற்றும் விடுவிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். மாணவர் எவரையும் ஏற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. தம் ஆராய்ச்சி இன்னும் நிறைவெய்தவில்லை, ஆதலால் கற்பிக்க இயலாது என்று மறுத்தார். தோழியர் உரத்த குரலில் வாதாடவில்லை. மென்மொழியால் மீண்டும் மீண்டும் வேண்டினர். அம்மென்மைக்குள் இருந்த உறுதியைக் கண்டு அவர் அஞ்சியே போனாராம்! இறுதியில் இசைந்தார். ஆசிரியராகத் தொடங்கியவர் நாளடைவில் உடனாய்வாளர் ஆனார். இவ்விருவர்க்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததனாலேயே தம்முடைய கொள்கை தமக்குத் தெளிவாயிற்று என்பதைக் கிளேஸ் பின்னாளில் மனமுவந்து ஒப்புக்கொண்டார். நல்லாசிரியரும் நன்மாணாக்கரும் ஒருவரை ஒருவர் வளர்க்கும் முறை இதுவே. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், ஆண்டுதோறும் சில திங்கள் பிரான்சு சென்று அவருடன் உழைப்பதைத் தோழியர் வழக்கமாகக் கொண்டனர்.

கிளேஸிடம் அவர்கள் கற்றது யாது? அதனைச் சற்றே விளக்குவோம். ஓவியம் எழுதும் கித்தான் தட்டையானது. ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பிய ஓவியர்கள், அத்தட்டையான பரப்பில் ஆழம் இருப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கி வந்தனர். அண்மையிலுள்ளதைப் பெரிதாகவும் சேய்மையிலுள்ளதைச் சிறிதாகவும் எழுதி, சுவரில் ஒரு சாளரம் திறந்தாற்போலத் தோன்றச் செய்தனர். இது கண்ணை ஏமாற்றும் வித்தை என்றார் கிளேஸ். தட்டையான பரப்பு தட்டையாகவே இருக்கட்டும். அப்பரப்பின் இயல்பிற்கு ஏற்ற அழகை அதிற் படைப்போம் என்றார்.

அதற்கு அவர் வகுத்த முறை இது. கித்தானின் வடிவம் செவ்வகமாயின், அச்செவ்வகத்தையே முதற்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். அதனுள்ளே, அதன் பக்கங்களுக்கு ஒப்பச் செல்லும் சிறு செவ்வகத் தளங்களை இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்தி அமைத்தல் முதற்படி. இதனால் படத்திற்கு நிலைபேறு உண்டாகும். பின்னர், அத்தளங்களை ஓர் அச்சின்மீது சிறிது சிறிதாகச் சாய்த்துத் திருப்புதல் இரண்டாம் படி. இதனால் படத்திற்கு இயக்கம் உண்டாகும். இவ்விரண்டோடும் ஒத்தும் மாறுபட்டும் வரும் வண்ணங்களைக் கூட்டினால், காண்போரின் கண் ஓரிடத்தில் நில்லாது, படத்தினுள்ளேயே சுழன்று சுழன்று உலவும். நிற்றலும் அசைதலும் ஒருங்கே அமைவதுதான் இக்கலையின் நுட்பம்.

உருவமில்லாத படத்தில் பொருள் என்ன என்று கேட்கலாம். இசைவாணர் ஒருவர் இராகத்தை ஆலாபனை செய்கின்றார். அதிற் சொல் இல்லை, கதை இல்லை, குயில் கூவுவது போலவோ இடி இடிப்பது போலவோ அவர் ஒலிப்பதும் இல்லை. இருந்தும் நம் உள்ளம் உருகுகின்றது. இதன் பொருள் யாது என்று எவரும் வினவுவதில்லை. செவிக்கு உள்ள இவ்வுரிமை கண்ணுக்கு மட்டும் ஏன் இல்லாமற் போக வேண்டும்? பியானோவின் ஒலியிலே வளர்ந்த மெயினிக்கு இது மற்றவரினும் எளிதில் விளங்கியதில் வியப்பில்லை. ஒலிகள் இடைவெளி பெற்றும் அடுக்கியும் வருவதுபோல, வண்ணத் தளங்களும் வரலாம் என்பதை அவர் தம் சொற்பொழிவுகளில் இசையைக் கொண்டே விளக்குவார்.

இனி, தாய்நாட்டின் நிலையை நோக்குவோம். மெயினி பாரிஸில் பயின்ற காலத்தில் அயர்லாந்து பெருங்கொந்தளிப்பில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த போர் 1921 இல் ஓய்ந்தது. 1922 இல் ஐரிஷ் சுதந்திர அரசு தோன்றிற்று. அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போரும் மூண்டு 1923 வரை நீடித்தது. விடுதலை பெற்ற நாடு தன் முகத்தைத் தானே கண்டுகொள்ள விரும்புவது இயல்பு. உழவரும் மீனவரும் விடுதலை வீரரும் நிறைந்த படங்களையே மக்கள் விரும்பினர். அவைதாம் நாட்டுக் கலை என்று போற்றப்பட்டன. இத்தகைய வேளையில், பாரிஸிலிருந்து உருவமில்லா ஓவியத்தைக் கொண்டு வந்தவர், அதிலும் பிரிட்டனோடு இணைந்திருத்தலை விரும்பிய குடும்பத்திற் பிறந்தவர், எத்தகைய வரவேற்பைப் பெற்றிருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

1923 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டப்ளின் ஓவியர் சங்கம் நடத்திய கண்காட்சியில்தான், தொடக்கத்திற் குறிப்பிட்ட அவ்விரு படங்களும் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்றாகிய 'அலங்காரம்' என்பது மரப்பலகையில் தெம்பரா வண்ணத்தால் எழுதப்பெற்றது. கிறித்தவக் கோயில்களின் பழைய பலிபீடப் படங்களை அதன் வடிவம் நினைவூட்டும். ஊன்றி நோக்குவார்க்கு, தாய் ஒருத்தி மகவை ஏந்தியிருக்கும் சாயலும் அத்தளங்களுக்கிடையே தோன்றி மறையும். ஆனால், ஊன்றி நோக்க எவர்க்குப் பொறுமை இருந்தது? நாளிதழ் எழுத்தாளர் ஒருவர், இப்படங்கள் தமக்கு விடுவிக்க இயலாத புதிராக உள்ளன என்று கைவிரித்தார். அவராவது தம் அறியாமையை மறைக்கவில்லை.

ஜார்ஜ் ரஸ்ஸல் என்பவரின் தாக்குதலோ மிகக் கடுமையானது. அவர் கவிஞர், ஓவியர், வார இதழின் ஆசிரியர். நாட்டில் பெருமதிப்புப் பெற்றவர். ஐரோப்பாவில் பரவிய கலைநோய் ஒன்று மெயினியையும் பற்றிக்கொண்டது என்னும் கருத்துப்பட அவர் தம் இதழில் எழுதினார். இதில் ஒரு வியப்பு உண்டு. ரஸ்ஸல் தாமே ஊனக்கண்ணுக்குப் புலனாகாத ஒளியுருவங்களையும் தேவதைகளையும் மனக்கண்ணாற் கண்டு தீட்டியவர்! புலனாகாததை எழுத அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் உருவமே இல்லாததை எழுதப் பிறர்க்கு உரிமை தர அவருக்கு மனம் வரவில்லை. பெரியோர்களிடத்தும் இத்தகைய முரண்பாடுகள் காணப்படுதல் உண்டு.

இவ்வாறு இகழப்பெற்றவர் மூன்று வழிகளுள் ஒன்றனைத் தேர்ந்திருக்கலாம். பாரிஸுக்கே திரும்பிச் சென்று, மதிப்போர் நடுவில் வாழ்ந்திருக்கலாம். 1925 ஆம் ஆண்டில் அந்நகரில் நடந்த புகழ்மிக்க புத்தோவியக் கண்காட்சியில் அவர் படங்களுக்கு இடம் கிடைத்தது என்பதால், அங்கு வாழ வழி இல்லாமல் இல்லை. அன்றி, ஊரார் விருப்பத்திற்கு இணங்கிப் பழைய முறைக்கே திரும்பியிருக்கலாம். அதற்கு வேண்டிய கைத்திறனும் அவரிடம் இருந்தது. அல்லது ஊராரைப் பழித்துக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். இம்மூன்றனுள் எதனையும் அவர் செய்யவில்லை. அடுத்த ஆண்டே, 1924 இல், தோழியார் ஈவியுடன் சேர்ந்து டப்ளினில் மீண்டும் ஒரு கண்காட்சி நடத்தினார். முன்பு இரண்டு படங்களைக் கண்டு அரண்டவர்கள் இப்போது ஓர் அறை நிறையக் கண்டனர்.

அதன்பின் அவர் மேற்கொண்ட பணி ஆசிரியப் பணி. ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்து இல்லத்தில் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் ஓவியம் கற்பித்தார். கழகங்களில் சொற்பொழிவு ஆற்றினார். இதழ்களில் கட்டுரை வரைந்தார். புத்தோவியம் என்பது பித்தர் செயல் அன்று, அதற்கும் வரம்பு உண்டு, இலக்கணம் உண்டு, உழைப்பு உண்டு என்பதைச் சலிப்பின்றி எடுத்துரைத்தார். எள்ளிப் பேசினோர்க்கும் இனிய முகத்துடனேயே மறுமொழி கூறுவார். பழைய மரபை வெறுப்பவர் என்று தம்மைக் குறைகூறியோருக்கு அவர் காட்டிய சான்று மிக நுட்பமானது. டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கெல்ஸ் நூல் என்னும் பழஞ்சுவடி இருக்கின்றது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் துறவியர் எழுதிய விவிலியச் சுவடி அது. அதன் ஏடுகளில் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, சுழன்று, தொடக்கமும் முடிவும் தெரியாவண்ணம் ஓடுகின்றன. ஆழத்தோற்றம் என்னும் மயக்கம் அங்கு இல்லை. கண்டதைக் கண்டவாறு எழுதும் ஆசையும் இல்லை. ஆகவே, உருவத்திற்கு அடிமையாகாத ஓவியம் அயர்லாந்திற்கு அயலது அன்று. அது நம் முன்னோர் தேடிவைத்த செல்வமே என்பது மெயினியின் வாதம். நாட்டுக் கலை நாட்டுக் கலை என்று முழங்கியோர் இதற்கு விடை கூற இடர்ப்பட்டிருப்பர்.

அவருடைய படங்கள் எல்லாம் ஒரே தரத்தன என்று கூறுதல் பொருந்தாது. 1920 க்கும் 1930 க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதிய சில, இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டாக யாத்த செய்யுளைப் போன்றவை. விதி முன்னே நிற்கும், கவிதை பின்னே ஒதுங்கி நிற்கும். ஆனால், விதி கைவந்தபின் அவர் தூரிகை இயல்பாக இயங்கத் தொடங்கிற்று. 1928 ஆம் ஆண்டில் எழுதிய 'ஃபிரா ஆஞ்சலிக்கோவுக்கு வணக்கம்' என்னும் படம் இதற்குச் சான்று. ஃபிரா ஆஞ்சலிக்கோ, பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த துறவி ஓவியர். தேவமாதாவிற்கு முடிசூட்டும் காட்சியை அவர் எழுதியிருந்தார். அப்படத்தின் வண்ணங்களையும் வளைவுகளையும் உள்வாங்கி, முகங்களையும் விவரங்களையும் நீக்கி, ஒளியும் இசைவும் மட்டும் எஞ்சுமாறு மெயினி எழுதினார். முன்பு கைவிரித்த நாளிதழ்கள் இப்படத்தைப் பாராட்டின. அவ்வாண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவை ஒட்டிய கலைப் போட்டியிலும் அவர் படம் இடம்பெற்றது. ஓட்டத்திற்கும் மற்போருக்கும் பரிசு தரும் ஒலிம்பிக் விழா 1912 முதல் 1948 வரை ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் பரிசு அளித்து வந்தது என்பதை இன்று பலர் அறியார்.

1935 ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் சீன நாட்டுக் கலைப் பொருட்காட்சி ஒன்று பெரிய அளவில் நடந்தது. சீன ஓவியர் மலையையும் நீரையும் மூடுபனியையும் எழுதிய முறை மெயினியின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. இயற்கையை நகலெடுக்காமலும், முற்றும் துறக்காமலும், அதன் உயிரோட்டத்தை மட்டும் பிடித்துக் கோட்டில் ஓடவிடலாம் என்பதை அங்குக் கண்டார். அதன்பின் அவருடைய படங்களில் கடலலையும் குன்றும் குதிரையும் மெல்ல எட்டிப் பார்க்கலாயின. 1941 இல் எழுதிய 'அக்கில் குதிரைகள்' என்னும் படத்தைச் சொல்லலாம். அக்கில் என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த தீவு. அப்படத்தில் குதிரைகளின் கழுத்து வளைவும் அலைகளின் வளைவும் ஒன்றாகிவிடுகின்றன. குதிரை எது, அலை எது என்று பிரித்தறிய நம் மனமும் விரும்புவதில்லை. அவர் எழுதியவற்றுள் அழகிற் சிறந்தது இதுவே என்பது எம் கருத்து.

இடையே, காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1938 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தபோது, அயர்லாந்து அரங்கின் சுவரோவியங்களை எழுதும் பொறுப்பு மெயினிக்கு அளிக்கப்பட்டது. அளித்தவர்கள் யார்? டி வலேராவின் தலைமையில் இருந்த தேசிய அரசினர்! அயலார் கலை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவரையே, அயலார்க்கு நாட்டின் முகத்தைக் காட்டும் பணிக்கு நாடு அழைத்தது. இதனைக் காண ரஸ்ஸல் உயிருடன் இல்லை. அவர் 1935 இல் மறைந்தார்.

எனினும் எதிர்ப்பு அடியோடு ஒழிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. வெளிநாடுகளில் இருந்த கலைஞர் சிலர் டப்ளினுக்குத் திரும்பினர். இளைஞரிடையே புதிய ஊக்கம் பிறந்தது. ஆனால், அரச ஐபர்னியக் கலைக்கழகம் என்னும் பழைய நிறுவனம் தன் ஆண்டுக் கண்காட்சியின் கதவை எளிதில் திறக்கவில்லை. 1942 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஓவியர் ரூவோ எழுதிய இயேசுநாதர் படம் ஒன்றைக் கலையன்பர்கள் விலைக்கு வாங்கி, டப்ளின் நகராட்சிக் கலைக்கூடத்திற்கு அன்பளிப்பாகக் கொடுக்க முன்வந்தனர். கலைக்கூடத்தார் வேண்டா என்று மறுத்துவிட்டனர்! மெயினி அப்படத்தின் சிறப்பைப் பலரறிய எடுத்துரைத்து வாதாடினார். இறுதியில் மேனூத் நகரத்துக் குருமார் கல்லூரி அதனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள இசைந்தது. நகராட்சி மறுத்த படத்தைச் சமயக் கல்லூரி ஏற்றது.

இனிப் பிறர் கதவைத் தட்டிப் பயனில்லை, நமக்கென ஒரு வாயிலை நாமே அமைப்போம் என்று கலைஞர் சிலர் துணிந்தனர். மெயினி, ஈவி ஹோன், நோரா மெக்கின்னஸ், இளைஞராகிய லூயி லெ பிரோக்கி, குருவானவராகிய ஜாக் ஹான்லன் முதலியோர் கூடி, 'வாழும் கலையின் ஐரிஷ் கண்காட்சி' என்னும் அமைப்பை 1943 ஆம் ஆண்டில் தோற்றுவித்தனர். குழுவின் தலைமைப் பொறுப்பு மெயினியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் தேசிய ஓவியக் கல்லூரியில் முதற் கண்காட்சி திறக்கப்பட்டது. அதில் ஒரு சிறப்பு: புத்தோவியர்க்கு மட்டும் உரியதாக அதனை அவர்கள் குறுக்கிவிடவில்லை. எந்நெறியைச் சார்ந்தவராயினும், உயிருடன் வாழும் ஐரிஷ் கலைஞரின் தகுதிவாய்ந்த படைப்புக்கு இடம் உண்டு என்று அறிவித்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் தம்மை ஒதுக்கிய மரபினரை, வாயில் தம் கைக்கு வந்தபோது, மெயினி ஒதுக்கவில்லை.

ஆனால், அந்தோ! அவ்வமைப்பின் வளர்ச்சியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. புற்றுநோய் அவர் உடலைப் பற்றிக்கொண்டது. அந்த 1943 ஆம் ஆண்டிலும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 'ஏரின் கன்னி' என்னும் படமும், 'திராட்சை ஆலையைத் தனியே மிதித்தேன்' என்று விவிலியத் தொடரால் பெயரிட்ட படமும் அவ்வாண்டில் எழுதியவை. ஏர் என்பது அயர்லாந்தைக் குறிக்கும் ஐரிஷ் மொழிப் பெயர். அப்பெயரையும் தேவமாதாவையும் இணைத்து, கியூபிச முறையில் எழுதிய அப்படத்தில் அவருடைய மூன்று பற்றுகளும் ஒன்றுகூடின. 1944 ஆம் ஆண்டு பெப்ருவரி 16 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. முதற் கண்காட்சி நடந்து ஆறு திங்களும் நிறைந்திருக்கவில்லை.

அவருக்குப்பின் நோரா மெக்கின்னஸ் குழுவின் தலைமையை ஏற்றார். கண்காட்சி ஆண்டுதோறும் தொடர்ந்து நடந்தது. போர்க்காலத்திற்குப்பின் தோன்றிய ஐரிஷ் ஓவியர் பலர் அதன் வாயிலாகவே மக்களுக்கு அறிமுகம் ஆயினர். தோழியார் ஈவி ஹோன், கிளேஸிடம் கற்ற தளமும் வண்ணமும் ஆகிய பாடத்தைக் கண்ணாடிக்கு மாற்றினார். இங்கிலாந்தில் ஈட்டன் கல்லூரித் திருக்கோயிலுக்கு அவர் அமைத்த பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் 1952 இல் நிறைவெய்தி, அவர் புகழை நாடு கடந்து பரப்பிற்று. நலிந்த கையாலும் காலாலும் அத்துணைப் பெரும்பணியை முடித்த அவர் 1955 ஆம் ஆண்டில் மறைந்தார்.

1923 ஆம் ஆண்டில் டப்ளினார் நகைத்த அந்த 'அலங்காரம்' என்னும் படம் ஈவியிடமே இருந்தது. அதனை நாட்டிற்கு உரியதாகுமாறு தம் இறுதி முறியில் அவர் எழுதிவைத்தார். அவர் மறைந்த ஆண்டிலேயே அது டப்ளின் நகரத்து தேசிய ஓவியக் கூடத்தை அடைந்தது. 2025 ஆம் ஆண்டில் அக்கூடத்தார் மெயினி, ஈவி ஆகிய இருவர் படைப்புகளையும் ஒருங்கே வைத்துக் கண்காட்சி ஒன்று நடத்தினர். தோழியர் இருவரும் 1924 இல் சேர்ந்து கண்காட்சி நடத்தி அப்போது நூற்றோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.